எழுதப்படாத ஓலை

தமிழில் குவாண்டம் இயற்பியல் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்தால் மூன்றாவது பத்திக்குள் பூனை வந்துவிடும். ஐந்தாவது பத்தியில் பார்வையாளர் வருவார். அவர் பெட்டியைத் திறக்கும்வரை பூனை செத்ததா பிழைத்ததா என்பது யாருக்கும் தெரியாது, பூனைக்கே தெரியாது. அதன்பிறகு கட்டுரை இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடிக்கும். எல்லாம் மனத்தின் தோற்றம், இதை நம் ரிஷிகள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்பது ஒன்று. உண்மை என்று எதுவும் கிடையாது, எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்தது, பின்நவீனத்துவமும் இதைத்தானே சொல்கிறது என்பது மற்றது. முதலாவது மயிலாப்பூர் பக்கத்துச் சொற்பொழிவுகளில் புழங்குவது. இரண்டாவது நம்மைப் போன்ற இலக்கியக்காரர்களின் வியாதி. ஒன்றையொன்று பரம எதிரியாக நினைத்துக்கொள்ளும் இந்த இரண்டு கோஷ்டிகளும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கின்றன. அந்த இடம் ‘பார்வையாளர்’ என்ற சொல்.

பார்வையாளர் என்றதும் நமக்கு யார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்? சேப்பாக்கம் காலரியில் வெயிலில் வெந்துகொண்டிருப்பவர். டிசம்பர் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர். கண்ணும் மனமும் கொண்ட ஒரு ஆள். இயற்பியலில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு லேசர், ஒரு காந்தம், ஒரு டிடெக்டர். ஆங்கிலத்திலும் இந்தச் சொல் குழப்பம் செய்கிறதுதான். ஆனால் தமிழில் அது ஆளாகவே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது.

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் மெட்ராசுக்கு வந்தார். (அவர் பெயரைத் தமிழில் எழுதினால் சண்டை வந்துவிடுகிறது. ஐன்ஸ்டைனோடு அவர் பல வருஷம் நடத்தியதும் அதுதான்.) மயிலாப்பூர் லஸ் பகுதியில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற வீடு. அரசியல் சட்ட வரைவுக்குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு அது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் அங்கே மாணவர்களைக் கூட்டிவைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். கட்டடம் கிடையாது, நிதி கிடையாது, ஒரு வீடும் கொஞ்சம் பையன்களும் பெண்களும். போர் அந்த வீட்டுக்கு வந்தார். இந்தியப் பயணத்தில் தன்னை மிகவும் கவர்ந்தவை இரண்டு என்று பிறகு பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: பம்பாயில் ஹோமி பாபாவின் டாடா ஆய்வு நிறுவனம், மெட்ராசில் இந்தச் சின்னக் குழு. அந்த ஒரு வாக்கியம் சி. சுப்பிரமணியம் வழியாக நேரு வரைக்கும் போய், 1962 ஜனவரி 3ஆம் தேதி மாநிலக் கல்லூரியில் எஸ். சந்திரசேகர் தொடங்கிவைக்க ‘மாட்சயின்ஸ்’ பிறந்தது. இன்றைக்கு அடையாறு தாண்டித் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் அதுதான். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லஸ்ஸுக்கு வந்த அந்தப் போர், பார்வையாளரின் மனம் உலகத்தை உண்டாக்குகிறது என்று சொன்னவர் இல்லை. 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவருக்கும் பதில் எழுதியதிலிருந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. ஒரு எலக்ட்ரானின் குணம் என்று தனியாகப் பேசாதே, எந்தக் கருவி அமைப்பில் அந்தக் குணம் வெளிப்பட்டதோ அந்த மொத்த அமைப்பையும் சேர்த்துத்தான் ‘நிகழ்வு’ என்று சொல். நிகழ்வு முடிந்ததற்கு அடையாளம் புகைப்படத் தகட்டில் விழுந்த, திரும்ப அழிக்க முடியாத ஒரு புள்ளி. தகட்டைக் கழுவிப் பார்க்கும் ஆள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் புள்ளி அங்கேதான் இருக்கும்.

மனத்தை உள்ளே கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். முக்கியமானவர் யூஜின் விக்னர், 1961இல். அவரும் பிற்காலத்தில் அதைக் கைவிட்டார். கைவிட்ட செய்தி மட்டும் இன்னும் நம் சொற்பொழிவு மேடைகளுக்கு வந்து சேரவில்லை.

தரமணிப் பக்கமிருந்தே இன்னொரு சாட்சி. எண்பதுகளில் மாட்சயின்ஸின் இயக்குநராக இருந்தவர் இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர், படித்தது தாம்பரத்தில் மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி. அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் எழுதிய கட்டுரை ‘குவாண்டம் ஸீனோ’ என்று பேர் வாங்கியது. சிதையக்கூடிய ஒரு அமைப்பை விடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையாது என்பது அதன் முடிவு. கேட்டவுடன் தியானம், திருஷ்டி என்று மனசு ஓடும். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளை வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். அங்கே ‘கவனித்தது’ புற ஊதா லேசரின் துடிப்புகள். யாரும் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

இது வெறும் சொற்சண்டை என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் என் அத்தைக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. தி.நகரில் ஒரு ஹாலில் நடந்த ‘குவாண்டம்’ வகுப்புக்கு அவரை ஒரு தோழி கூட்டிப்போனார். எலக்ட்ரானே நாம் பார்ப்பதால்தான் மாறுகிறது, உடம்பு எலக்ட்ரான்களால் ஆனது, ஆகவே நம் எண்ணம்தான் நோய், நம் எண்ணம்தான் மருந்து என்று இரண்டு நாள் பாடம். கட்டணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. திரும்பி வந்து அத்தை என்னிடம் கேட்டார்: “ஏம்பா, நீ இதெல்லாம் படிச்சவன்தானே. அப்போ நான்தான் ஏதோ தப்பா நெனச்சு நெனச்சு இத இழுத்து விட்டுக்கிட்டேனா?”

“இல்லத்தை, சும்மா இருங்க” என்றேன். அவ்வளவுதான் அப்போது சொல்ல முடிந்தது. அந்த ஹாலில் சொல்லப்பட்டது ஏன் பொய் என்பதற்கான விளக்கம் ஒரு வாக்கியத்தில் அடங்குவது இல்லை. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நாடி ஜோதிடத்தை எடுத்துக்கொள்வோம். வைத்தீஸ்வரன்கோயில் போகவேண்டாம், சென்னையிலேயே போர்டு மாட்டியிருக்கிறார்கள். கட்டைவிரல் ரேகை கொடுத்தால் உங்கள் ஓலையை எடுப்பார்கள். நீங்கள் என்ன கேள்வி கேட்டாலும் விடை ஏற்கனவே அதில் இருக்கிறது என்பதுதான் நம்பிக்கை. பழைய இயற்பியலும் ஒரு வகையில் நாடி ஜோதிடம்தான். ஒவ்வொரு துகளின் கையிலும் ஒரு ஓலை உண்டு, எந்தச் சோதனைக்கு என்ன விடை என்று அதில் எழுதியிருக்கிறது, நமக்குப் படிக்கத் தெரியாததுதான் பிரச்சினை என்று எண்ணுவது. ஐன்ஸ்டைன் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட இப்படி ஒரு ஓலையைத்தான். நியாயமான எதிர்பார்ப்பு. அந்த ஓலை இருக்க முடியாது என்று காட்டியது தத்துவம் இல்லை, எண்கணிதம்.

மூன்றுக்கு மூன்று கட்டம் ஒன்று போடுங்கள். ஒன்பது கட்டங்கள், ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடை +1 அல்லது −1. ஒரே வரிசையில் இருக்கும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். ஒரே நிரலில், அதாவது மேலிருந்து கீழாக, இருக்கும் மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம். இரண்டு துகள்களின் சுழற்சியைப் பற்றி இப்படி ஒன்பது கேள்விகளைத் தேர்ந்தெடுத்தால், குவாண்டம் இயற்பியல் ஆறு விதிகளைத் தருகிறது. மூன்று வரிசைகளிலும் விடைகளைப் பெருக்கினால் +1. முதல் இரண்டு நிரல்களிலும் +1. மூன்றாவது நிரலில் மட்டும் −1. துகள்களை எப்படித் தயார்செய்திருந்தாலும் இந்த விதிகள் மாறாது. டேவிட் மெர்மினும் ஆஷர் பெரெஸும் 1990இல் கண்டுபிடித்த கட்டம் இது.

இப்போது ஓலை எழுதுங்கள். ஒன்பது கட்டத்திலும் +1, −1 போட்டு ஆறு விதியும் பொருந்துகிறதா பாருங்கள். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்குவதற்குள் முயன்று முடித்துவிடலாம். நடக்காது. ஏன் நடக்காது என்பது ஒரே வரி: ஒன்பது எண்களையும் வரிசை வரிசையாகப் பெருக்கினால் +1 வரவேண்டும், நிரல் நிரலாகப் பெருக்கினால் −1 வரவேண்டும், ஆனால் அதே ஒன்பது எண்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு. இதன் கடினமான மூத்த அண்ணன்தான் சைமன் கோஷெனும் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கரும் 1967இல் 117 திசைகளை வைத்து நிறுவிய தேற்றம். ஸ்பெக்கர் அதற்கு முன்பே, 1960இல், இந்த யோசனையின் வேரைத் தொட்டபோது ஒரு பழைய இறையியல் கேள்வியை நினைவுகூர்ந்தார்: நடக்காமல் போன ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லாம் அறிந்த கடவுளுக்குத் தெரியுமா?

கட்டம் வெறும் காகித விளையாட்டு இல்லை. 2009இல் இன்ஸ்ப்ருக்கில் இரண்டு கால்சிய அயனிகளை வைத்து இதே ஆறு பெருக்கல்களையும் செய்தார்கள். ஓலை இருந்தால் அவர்கள் கணக்கிட்ட கூட்டுத்தொகை 4ஐத் தாண்டாது, குவாண்டம் கோட்பாட்டின்படி 6 வரை போகும். கிடைத்தது 5.46.

இதைத்தான் சூழல்சார்பு என்கிறார்கள். ஒரு கேள்விக்கு, அதை எந்தக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டாலும் மாறாத விடை முன்பே இருக்கிறது என்று எல்லாக் கேள்விகளுக்கும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. கவனியுங்கள், இந்த வாக்கியத்தில் எங்கேயும் மனம் வரவில்லை. கேள்விதான் வருகிறது, கேட்கிற ஆள் வரவில்லை.

இங்கே இலக்கிய வாசகருக்கு ஒரு சபலம் வரும். எனக்கும் வரத்தான் செய்கிறது. சங்கப் பாட்டில் கூற்று மாறினால் பொருள் மாறுமே! தலைவி சொன்னாள் என்று படித்தால் ஏக்கம், அதையே தோழி சொன்னாள் என்று படித்தால் கிண்டல். திணை, துறை, யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற சூழல் இல்லாமல் அகப்பாட்டு இல்லை. ஆகவே தொல்காப்பியர்தான் முதல் குவாண்டம் சிந்தனையாளர் என்று ஒரு கட்டுரை எழுதலாம். யாராவது ஏற்கனவே எழுதியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் அந்த ஒப்பீடு தவறு. எங்கே தவறு என்று பார்ப்பதில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது.

நம் வாழ்க்கையில் சூழல் தடம் விட்டுப்போகும். ஒருவரிடம் “சம்பளம் எவ்வளவு வருது?” என்று கேட்டுவிட்டு “வாழ்க்கை எப்படிப் போகுது?” என்று கேட்டால் ஒரு விடை. “பாப்பா எப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டு அதையே கேட்டால் வேறு விடை. ஆயிரம் பேரிடம் கேட்டால் ‘வாழ்க்கை’ கேள்வியின் விடைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தே, இவர்களிடம் முதலில் சம்பளம் கேட்டார்களா குழந்தையைக் கேட்டார்களா என்று ஊகித்துவிடலாம். கூற்று மாறிய பாட்டும் அப்படித்தான், பொருள் நகர்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மாதிரி சூழல் சார்ந்திருப்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஒன்று இன்னொன்றைப் பாதிக்கிறது, அவ்வளவுதான்.

குவாண்டம் கட்டத்தில் நிலைமை வேறு. ஒரு கட்டத்தின் விடைகளை மட்டும் ஆயிரம் தடவை சேகரித்துப் பாருங்கள். அதை வரிசையோடு சேர்த்துக் கேட்டார்களா, நிரலோடு சேர்த்துக் கேட்டார்களா என்று அந்த விடைகளிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. விகிதம் ஒன்றேதான். துளி நகராது. பக்கத்துக் கேள்வி இதைத் தொட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. அப்படியிருந்தும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓலையில் எழுத முடியவில்லை.

டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதை வேகமாகச் சொல்லிவிடலாம். உங்களிடம் ஆறு ‘வியூ’க்கள் இருக்கின்றன. எந்த இரண்டு வியூவிலும் பொதுவாக இருக்கும் காலத்தை எடுத்தால் விவரம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. தனித்தனியாக எதிலும் பிழை இல்லை. ஆனால் இந்த ஆறும் எந்த மூல டேபிளிலிருந்து எடுக்கப்பட்டிருக்க முடியுமோ அந்த டேபிள் கிடையாது, இருக்கவும் முடியாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சாம்சன் அப்ராம்ஸ்கி என்ற கணினி அறிவியலாளர் 2011 முதல் ஏறக்குறைய இந்த மொழியிலேயே சூழல்சார்பை எழுதிவருகிறார். இயற்பியலாளர்கள் ஐம்பது வருஷம் தத்துவ மொழியில் திணறியதை நம் ஆபீஸ் மொழி அரைப் பக்கத்தில் சொல்லிவிடுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்பச் சந்தோஷம்.

ஆகவே பின்நவீனத்துவ நண்பர்களுக்கு: இது ‘எல்லாம் அவரவர் பார்வை’ இல்லை. எந்த வரிசையைக் கேட்டாலும் விதி ஒன்றுதான். யார் கேட்டாலும், எந்த ஊரில் கேட்டாலும் ஒன்றுதான். 5.46 என்பது இன்ஸ்ப்ருக்காரர்களின் கோணம் அல்ல.

சரி, தடம் விடாமல் ரகசியமாக ஒன்று இன்னொன்றைப் பாதிக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் காரணகாரியம் வருகிறது.

இரண்டு சர்வர்கள் ஒரே நிமிஷத்தில் விழுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்ட எந்த இன்ஜினியரும் மூன்று சாத்தியங்களைத்தான் யோசிப்பார். முதலாவது இரண்டாவதை இழுத்துப்போட்டது. இரண்டாவது முதலாவதை. அல்லது இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று, ஒரு கான்ஃபிக், ஒரு டிஸ்க், செத்துப்போனது. தத்துவத்தில் இதற்கு ரைஷன்பாக் கொள்கை என்று பெயர். காரணம் தேடும் அறிவியல் முழுக்க, மருந்தாய்விலிருந்து ஜூடியா பெர்லின் அம்புக்குறி வரைபடங்கள் வரை, இதன் மேல்தான் நிற்கிறது.

இனி ஒரு ஆட்டம். லஸ் கார்னரில் ஒருவர், அடையாறு சிக்னலில் ஒருவர். நடுவில் ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு நடுவர் காசு சுண்டிப்போட்டு, காபியைப் பற்றியோ டீயைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்பார். பதில் ஆமாம் அல்லது இல்லை. இரண்டு பேருக்கும் டீ கேள்வி வந்தால் பதில்கள் மாறியிருக்க வேண்டும், மற்ற மூன்று சந்தர்ப்பங்களிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். போன் கிடையாது. முன்கூட்டியே எவ்வளவு திட்டம் போட்டாலும், பையில் எப்படிப்பட்ட ஓலை வைத்திருந்தாலும், 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. பின்னிப்பிணைந்த துகள் ஜோடிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப்போய், வந்த கேள்விக்கு ஏற்றபடி அதைச் சோதித்துப் பதில் சொன்னால் சுமார் 85 சதவீதம் ஜெயிக்கலாம். 1964இல் ஜான் பெல் காட்டிய தேற்றத்தின் ஆட்ட வடிவம் இது. 1982இல் ஆலன் ஆஸ்பே சோதித்தார். 2015இல் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், சந்து பொந்து எதுவும் விடாமல் அடைத்துச் சோதித்தார்கள். 2022இல் ஆஸ்பே, க்ளாஸர், ஸைலிங்கர் மூவருக்கும் நோபல்.

பொதுக் காரணம் 75க்கு மேல் தராது. அப்படியானால் லஸ் அடையாறைத் தொடுகிறதா? லஸ்காரரின் பதில்கள் பாதி ஆமாம், பாதி இல்லை. அடையாற்றில் காபி கேட்டாலும் டீ கேட்டாலும் அந்த விகிதம் மாறாது. இந்த 85 சதவீதத்தை வைத்துக்கொண்டு லஸ்ஸிலிருந்து அடையாறுக்கு ‘சாப்பிட்டாச்சா’ என்றுகூடக் கேட்க முடியாது. மறுபடியும் அதே தடமில்லாத தொடர்பு.

2012இல் வுட், ஸ்பெக்கன்ஸ் என்ற இருவர் பெர்லின் வரைபட முறையைப் பெல் ஆட்டத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். வழக்கமான காரண அம்புகளை எப்படிப் போட்டாலும், 85ஐ எட்டக்கூடிய ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு சதி தேவைப்படுகிறது என்று கண்டார்கள். அம்பு இருக்கிறது, ஆனால் எல்லா எண்களும் கச்சிதமாகக் கழிந்துபோய் அம்பு இருப்பதே வெளியே தெரியாதபடி அமைந்திருக்க வேண்டும். 2018இல் எரிக் கவல்காந்தி இதே முடிவு கோஷென்–ஸ்பெக்கர் சூழல்சார்புக்கும் பொருந்தும் என்று காட்டினார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. அதுவரை தனித்தனி அதிசயங்களாகப் பேசப்பட்டவை ஒரே அதிசயமாகிவிட்டன. ஒரு சர்வர் இன்னொன்றை ரகசியமாகக் கூப்பிடுகிறது, அந்தக் கூப்பிடு எந்த லாகிலும் எப்போதும் விழாதபடி பார்த்துக்கொள்கிறது என்று என் டீமில் ஒரு பையன் சொன்னால் நான் அவனை மறுபடி போய்ப் பார்க்கச் சொல்வேன்.

அந்தப் பையனின் விளக்கம் அபத்தம் என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. டேவிட் போம் 1952இல் அப்படி ஒரு கோட்பாட்டை முழுசாகக் கட்டியே காட்டிவிட்டார். அதில் துகளுக்கு எப்போதும் இடம் உண்டு, பாதை உண்டு. ஆனால் மற்ற விடைகள் கருவி அமைப்பைப் பொறுத்து உருவாகும், தூரத்தில் இருப்பது இங்கே இருப்பதை உடனே தொடும், அந்தத் தொடுகை வெளியே தெரியாது. ஓலையைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலை அது. இதே போம்தான் பிற்பாடு ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு உட்கார்ந்து வருஷக்கணக்கில் பேசியவர். 1980இல் நடந்த உரையாடல்கள் புத்தகமாகவும் வந்தன. அடையாறு வசந்த விஹாருக்கு வருகிறவர்கள், பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் வேறில்லை என்ற கிருஷ்ணமூர்த்தியின் பேச்சுக்கு குவாண்டம் சான்று என்று போமைக் காட்டுவதுண்டு. வேடிக்கை என்னவென்றால், பார்வையாளருக்கு எந்தத் தனி வேலையும் இல்லாத குவாண்டம் கோட்பாடு எது என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது போமின் கோட்பாட்டைத்தான். கிருஷ்ணமூர்த்தி பேசியது அகத்தைப் பற்றி. அதற்கு எலக்ட்ரானின் சிபாரிசுக் கடிதம் தேவையும் இல்லை.

சுதர்சனும் காரணகாரியத்தோடு விளையாடியவர்தான். 1962இல் பிலானியூக், தேஷ்பாண்டே இருவரோடு சேர்ந்து, ஒளியைவிட வேகமான துகள்கள் சார்பியலுக்கு முரண் இல்லை என்று எழுதினார். எதிர்மறை ஆற்றலோடு காலத்தில் பின்னால் போவதை, நேர்மறை ஆற்றலோடு முன்னால் வருவதாகப் படித்துக்கொள்ளலாம் என்பது வாதம். அப்படிப் படிக்கும்போது எது அனுப்பியது, எது வாங்கியது என்பது இடம் மாறும். அப்படிப்பட்ட துகள் எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஆனாலும் காரணம் என்பது நாம் ஒட்டும் லேபிளா, உலகத்தில் இருப்பதா என்ற கேள்வியை இவ்வளவு துணிச்சலாகக் கேட்டவர் நம் தரமணியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதைத் தமிழில் யாரும் ஒரு நல்ல கட்டுரையாக எழுதவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

என் பக்கம் எது என்று கேட்டால்: ஓலையை விட்டுவிடலாம் என்பவன் நான். மறைந்திருந்து தன் தடத்தைத் தானே அழித்துக்கொள்ளும் அம்புகளை நம்புவதைவிட, விடைகள் எல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதனால் காரணம் என்பதே இல்லாமல் போய்விடாது. லஸ்ஸில் செய்வது அடையாற்றில் தெரியாது என்ற கட்டுப்பாடு அசையாமல் நிற்கிறது. தி.நகர் ஹாலில் சொன்ன கதை உடைவதும் இதே இடத்தில்தான். எண்ணம் தூரத்தில் போய் வேலைசெய்ய வேண்டுமென்றால் செய்தி போகவேண்டும். குவாண்டம் பிணைப்பு அனுமதிக்காத ஒரே விஷயம் அதுதான்.

கடைசியாக மறுபடியும் சொற்களுக்கு வருகிறேன், என் புகார் அங்கேதானே தொடங்கியது. பார்வையாளரை எடுத்துவிட்டு ‘அளவீடு’ என்று போட்டால் சரியாகிவிடுமா? ரங்கநாதன் தெருவில் துணி அளக்கிறார்கள். கத்திரி படும் முன்பே துணி இருந்தது, இரண்டரை மீட்டராகத்தான் இருந்தது. அளப்பது என்றாலே ஏற்கனவே இருக்கும் ஒன்றைத் தெரிந்துகொள்வது. ஜான் பெல் 1990இல், இறந்துபோன வருஷத்தில், ஆங்கிலச் சொல்லைப் பற்றி இதே புகாரைத்தான் எழுதினார். அந்தச் சொல்லையே அடிப்படை இயற்பியலிலிருந்து விலக்கிவைக்க வேண்டும், ‘சோதனை’ என்பது பரவாயில்லை என்றார். சுஜாதா இருந்தால் அலட்டிக்கொள்ளாமல் ‘எக்ஸ்பெரிமெண்ட்’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். பல சமயம் அதுவே நல்ல வழி. ‘காண்பான்’, ‘சாட்சி’ போன்ற சொற்களைத் தேடிப்பிடித்துப் போடுகிறவர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். அவை நூற்றாண்டுகளாகத் தத்துவச் சுமை தூக்கியவை, எலக்ட்ரான் பக்கத்தில் வைத்ததும் சுமையை அதன் தலையில் இறக்கிவிடும்.

நான் சில நாளாக ‘வினா’ என்று எழுதிப் பார்க்கிறேன். அதற்கு ஒரு நன்னூல் சிக்கல் வருகிறது. பள்ளியில் வினா ஆறு வகை என்று மனப்பாடம் செய்தோமே: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. அறிவினாவில் கேட்பவருக்கே விடை தெரியும். அறியா வினாவில் கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் விடை எங்கோ இருக்கிறது. ஐய வினாவில் இரண்டில் ஒன்று உண்மை, எது என்பதுதான் சந்தேகம். இன்ஸ்ப்ருக்கில் அந்தக் கால்சிய அயனிகளிடம் கேட்டது இந்த ஆறில் எதிலும் உட்கார மறுக்கிறது. பவணந்தியாரைக் குறை சொல்ல முடியாது. இப்படி ஒரு ஏழாவது வகைக்கு அவசியம் இருக்கிறது என்று 1960கள் வரை யாரும் நிரூபிக்கவில்லை. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். ‘விளை வினா’ என்றார், கேட்பதால் விடை விளைகிறது என்ற பொருளில். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளைவது வினாவாலா, வினாக்கள் சேர்ந்த கூட்டத்தாலா என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றிருக்கிறார்.